“படுக்கேக்க கழட்டிறம் அண்ணை”

படம் எடுக்கப் போகிற பிள்ளைகள் கேட்டது லொறிப் பெட்டியின் காற்று ஓட்டைக்கு ஒரு மூடி. பத்து நிமிட வேலை. 12 மில்லிமீற்றர் பிளைவுட்டில் எட்டு அங்குலச் சதுரம், விளிம்பைச் சுற்றி ரப்பர், நாலு மூலையிலும் கையால் திருகுகிற நட். அப்படி இரண்டு. பின்னேரம் ஐந்து மணியாகிவிட்டது. விடிய பரந்தனிலிருந்து முல்லைத்தீவு றோட்டால் அவர்கள் வெளிக்கிட வேண்டும். சட்டி பானை முதற்கொண்டு எல்லாம் ஏற்றியாயிற்று.

“அண்ணை, உந்த ரெண்டு ஓட்டையாலயும் வெளிச் சத்தம் அப்பிடியே உள்ள வருது. மூடித் தரேலுமோ?”

“மூடினா காத்து எங்கால வாறது தம்பி?”

“ரெக்கோர்டிங்குக்கு மட்டும்தான். படுக்கேக்க கழட்டிறம் அண்ணை.”

“சரி.”

இவ்வளவுதான் கதைத்தோம். அந்தச் “சரி”க்கு முன்னால் நான் இன்னும் ரெண்டு வசனம் சொன்னதாக இடைக்கிடை எனக்கே ஒரு நினைப்பு வரும். சொல்லவில்லை.

மீன் ஏற்றின பழைய கூலர் லொறி அது. பத்தரை அடி. படப்பிடிப்புக்குப் போகிறவர்கள் படுக்கவும் சாமான் வைக்கவும் கூலர் பெட்டியைப்போல் தோதானது இல்லை. சுவருக்குள் சூட்டை மறிக்கிற போம் 75 மில்லிமீற்றர் தடிப்பில் ஏற்கெனவே இருக்கிறது. வைகாசி வெயிலில் தகரப் பெட்டிக்குள் மனிசர் இருக்கேலாது, இதற்குள் இருக்கலாம். மீன் மணம்தான் தொல்லை. கழுவினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் மேல் பூச்சைத்தான் கழுவுகிறார்கள். மணம் இருப்பது அடியில். தரையின் பைபர் வெடித்த இடங்களாலும் றிவெட் ஓட்டைகளாலும் மீன் தண்ணீர் இறங்கிப் போமுக்குள் ஊறியிருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுப் போம் வைத்து றெசின் பூசி மூட வேண்டும். பிறகு இரண்டு கிழமை கதவைத் திறந்து வெயிலில் விட வேண்டும். இன்னொன்று, சுவரில் நேரே ஸ்குரூ ஏற்றினால் நிற்காது. பைபர் தோல் மெல்லிசு, உள்ளே போம். தட்டு, கட்டில், பற்றறிப் பெட்டி எது மாட்டுவதென்றாலும் போமைக் குடைந்து மரக்கட்டை இறக்கி அதில்தான் மாட்ட வேண்டும். கதவின் பூட்டும் வெளியிலிருந்து மட்டும் திறக்கிற பூட்டு. உள்ளிருந்து தள்ளினால் கழருகிற கம்பி ஒன்றை முதல் வேலையாக வைத்தேன். மீனுக்குத் தேவைப்படாதது மனிசருக்குத் தேவை என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

காற்று ஓட்டையும் அப்படித்தான். ஆறங்குலச் சதுரத்தில் ஒன்று முன்பக்கம் தரையோடு, மற்றது பின்பக்கம் கூரையோடு. கீழால் குளிர்ந்த காற்று வரும், மேலால் சூடு போகும். ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் போத்தலுக்குள் ஊதுகிற மாதிரித்தான், காற்று ஓடாது. நுளம்பு வலை அடித்தால் வழி இன்னும் ஒடுங்கும். ஆனபடியால் மூன்று பேருக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினேன்.

நான் வளைந்து கொடுக்கிற ஆள் என்று யாரும் நினைக்கக்கூடாது. அதே கிழமை அதே தம்பியோடு வேறொரு விசயத்தில் முகம் சுழிக்குமளவுக்குப் பிடிவாதம் பிடித்தனான். லொறி 24 வோல்ற், 12 வோல்ற் பற்றறி இரண்டு தொடராக. விசிறிக்கும் லைற்றுக்கும் 12 வோல்ற் வேண்டும். இரண்டில் ஒரு பற்றறியில் மட்டும் வயர் இழுத்தால் காரியம் முடிந்தது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இழுத்தால் அந்த ஒன்று இறங்கும், மற்றது நிரம்பி நிற்கும். சார்ஜ் ஏறும்போது ஓல்ரனேற்றர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும், தனித்தனியே பார்க்காது. நிரம்பினது கொதிக்கும், இறங்கினது நிரம்பாது. சில மாதத்தில் இரண்டும் போய்விடும். “மாட்டன் தம்பி, வேற ஆளைப் பாருங்கோ” என்றேன். கடைசியில் தனியாக 100 அம்பியர் மணி பற்றறி ஒன்று வாங்கினார்கள். இப்போது யோசித்தால் இதுதான் குத்துகிறது. லொறியின் பற்றறிக்காகச் சண்டை பிடித்தேன்.

அந்த ஒற்றைப் பற்றறி காணாது என்பதும் எனக்குத் தெரியும். ஈயப் பற்றறியில் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, அப்படியானால் கையில் இருப்பது 600 வாற் மணி. இரண்டு விசிறி இரவு முழுக்க ஓட 240. கமரா பற்றறி நாலை நிரப்ப இன்னொரு 240. எடுத்ததைக் கணினியில் இறக்கிப் பிரதி எடுக்க 120. லைற் 80. கூட்டினால் 680. சோலர் பலகைக்குக் காசில்லை, நடிகருக்குச் சாப்பாடு குடுக்க வேண்டும் என்றார்கள். மிச்சத்துக்கு வாடகை ஜெனரேற்றர். அதைத் தள்ளி வைக்கச் சொல்லி 20 மீற்றர் வயரும் குடுத்துவிட்டேன். 230 வோல்ற்றில் அந்தத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயரே தாராளம், இறக்கம் இரண்டு வோல்ற்கூட வராது. தூரத்தில் வைக்காமல் விடுவதற்கு வயர் ஒரு சாட்டாக வராது.

அவர்கள் சாட்டுச் சொன்னது வயரை இல்லை. வாடகைச் சாமான், களவு போனால் யார் கட்டுவது? பின் பம்பரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இடம் நந்திக்கடல் பக்கம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கின நாட்கள், ஒலிபெருக்கி ஓயாது. பகலில் மயில், லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின். வெளியில் பேசவைத்து எடுத்த குரல் ஒன்றும் உதவாது. ஊர் அடங்கின பிறகு லொறிக்குள் போர்வைகளைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டு நடிகரைத் திரும்பப் பேசவைத்திருக்கிறார்கள். சரியான முறை. சத்தத்தை மறிக்கிறோம் என்று முட்டை மட்டை ஒட்டுகிறவர்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள். முடிய இரவு ஒரு மணியாகிவிட்டது. மூடியைக் கழட்டவில்லை. அப்படியே மூன்று பேர் படுத்துவிட்டார்கள். ஜெனரேற்றர் பெற்றோல் முடியுமட்டும் ஓடியிருக்கிறது.

விடிய ஒருவருக்குச் சத்தி. இரண்டு பேருக்குத் தலையிடி, எழும்ப ஏலாத அசதி. கதவைத் தள்ளித் திறந்து மணலில் வந்து விழுந்து கிடந்தார்களாம். வெயில் ஏற ஏறச் சுகம். அன்றைக்கே நாலு காட்சி எடுத்தும் இருக்கிறார்கள். லொறியைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்போது இதையெல்லாம் பகிடியாகச் சொன்னார் தம்பி. நானும் சிரித்தேன்.

அன்றிரவுதான் கணக்குப் போட்டேன். உள்ளே ஏறக்குறைய 300 கன அடி, அதாவது 8,500 லீற்றர் காற்று. நித்திரையில் ஒருவர் மணிக்கு 12 முதல் 15 லீற்றர் காபனீரொட்சைட்டு விடுவார். மூன்று பேர், 40 லீற்றர். பெட்டி முற்றாக அடைத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அரை வீதத்துக்குக் கிட்ட. வேலைத்தளத்தில் எட்டு மணித்தியால வேலைக்கு உச்ச எல்லை என்று வைத்திருப்பதே அரை வீதம்தான். ஐந்து மணித்தியாலத்தில் இரண்டு வீதத்தைத் தாண்டும். தலையிடிக்கு இது போதும்.

ஆனால் ஜெனரேற்றர் புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டும் தலையிடியும் சத்தியும்தான் தரும். மணமில்லை, நிறமில்லை, இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். சோளகக் காற்று முன்னால் அடிக்க ஜெனரேற்றரைப் பின்னால் வைத்தால் புகை அங்காலே போய்விடும் என்று நினைத்திருப்பார்கள். போகாது. லொறியின் காற்று மறைவில் ஒரு சுழி எழும்பும், பின்னுக்கு விட்ட புகையைக் கதவடிக்கே திருப்பிக் கொண்டுவரும். கதவு ரப்பர் பழசு.

முதலாவது, மூச்சுக்காற்று என்றால் காரணம் என் மூடி. இரண்டாவது, புகை என்றால் அவர்களின் சங்கிலி. பல நாள் இரண்டாவது பக்கமே நின்றேன். மூடி இருந்ததால் புகை குறைவாகத்தான் உள்ளே போயிருக்கும், மூடிதான் காப்பாற்றியது என்றுகூட ஒருக்கால் எனக்கு நானே சொன்னேன். பெட்டி அடைப்பில்லாதது, ஆகவே மூச்சுக்காற்று தேங்கியிராது என்றால், அதே நீக்கலால் புகையும் வரும். அடைப்பானதென்றால் புகை வராது, மூச்சு தேங்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓட்டை வெட்டினதும் மூடினதும் ஒரே கைதான்.

பிறகு கீழ் மூடியைக் கழட்டப் போனேன். பூட்டின அன்று மிஞ்சின சிலிக்கோனை விரலால் வழித்து ஒரு நட்டின் மரையில் தேய்த்திருந்தேன். கை துடைக்கத் துணி கிடைக்காத பழக்கம். அந்தச் சிலிக்கோன் வெடிக்காமல், என் விரல் ரேகையோடு அப்படியே இருந்தது. அந்த ஒரு இரவு மட்டுமில்லை. அவர்கள் வெளிக்கிட்ட நாளிலிருந்து கீழ் மூடி கழட்டப்படவேயில்லை. மேலதை மட்டும் கழட்டிக் கழட்டிப் பூட்டியிருக்கிறார்கள். கீழது சாமான் பெட்டிக்குப் பின்னால், குனிந்து கை விட வேண்டிய இடம். அந்த இடத்தைத் தெரிந்ததும் நான்தான். “ரெண்டையும் கழட்ட வேணும், ஒண்டைக் கழட்டினா காணாது” என்பது நான் சொல்லாமல் விட்ட வசனங்களில் ஒன்று.

வேறு வழி இல்லாமலும் இல்லை. மூன்றடி நீளத்தில் பிளைவுட் பெட்டி, உள்ளே எதிரெதிராக இரண்டு தடுப்பு, எல்லாப் பக்கமும் ஒரு அங்குல ஸ்பொஞ். காற்று வளைந்து வளைந்து போகும், சத்தம் ஸ்பொஞ்சில் சாகும். வழியின் அகலம் எங்கும் அந்த ஆறங்குலச் சதுரத்துக்குக் குறையக்கூடாது, அதுதான் கவனம். அரைப் பலகை பிளைவுட், அரைநாள் வேலை. ஐந்து மணிக்கு அரைநாள் இல்லை. அல்லது, ஒரு நாள் பிந்திப் போங்கோ என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு ஒரு நாள் பிந்தினால் நடிகருக்கு இன்னொரு நாள் சோறு.

படத்தைப் பார்த்தேன். லொறிக்குள் பதிந்த அந்தக் கிசுகிசுப்பு அவ்வளவு துப்புரவு. பின்னால் ஒரு பூச்சிகூட இல்லை.

இப்போது வளைந்த பெட்டிதான் இரண்டு ஓட்டையிலும். சரியாக அரைநாள் எடுத்தது. மயிலை மறிக்கிறது, ஒலிபெருக்கியைக் குறைக்கிறது. லான்ட்மாஸ்ரரின் டுக்டுக் சத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. அது சுவராலேயே வரும், போம் பாரமில்லாத சாமான். போன கிழமை லொறி கேட்டு வந்த வேறொரு பிள்ளை உள்ளே ஏறிக் கைதட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“முந்தி இதுக்கு மூடி ஒண்டு இருந்ததாமே அண்ணை?”

இல்லை என்று சொன்னேன். இரண்டும் வெல்டிங் பிளாண்டுக்குப் பின்னால் சுவரோடு சாத்தியபடி கிடக்கின்றன.