மழைக்கு ஒதுங்கிய கரி அடுப்பு

இந்த நாட்டுக்கு வந்து மூன்றாவது கோடையில்தான் கொல்லைப்புறம் உள்ள வீடு வாடகைக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு இருந்தது அடுக்குமாடி. பால்கனியில் கரி அடுப்போ கேஸ் கிரில்லோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். அடுப்பைப் பற்றி நமக்கா சொல்லித்தருகிறார்கள் என்று ஒரு மிதப்பு.

புது வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் ஒரு உருண்டைக் கரி கிரில்லை விட்டுப் போயிருந்தார்கள். மூன்று கால், அதில் ஒன்று ஆட்டம். வந்த புதிதில் எங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட இரண்டு குடும்பங்களையும், பக்கத்து வீட்டுப் பெரியவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தோம்.

கரி பிடிக்க மாட்டேன் என்றது. பற்றவைக்கும் திரவத்தை ஊற்றிக் கொளுத்தினேன். குப்பென்று எரிந்து அடங்கிவிட்டது. மறுபடி ஊற்ற பாட்டிலைச் சாய்த்தபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். பெரியவர்தான். அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கங்கு இருக்கும், ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டு தீ கைக்கே ஏறிவிடும் என்றார். அப்புறம் தன் வீட்டிலிருந்து புகைபோக்கித் துண்டு மாதிரி ஒரு தகரக் குழாயைக் கொண்டுவந்தார். கீழே கசக்கிய காகிதம், மேலே கரி. கால் மணி நேரம் கடந்ததும் கரியெல்லாம் தானாகச் சாம்பல் பூத்தது. திரவமே தேவைப்படவில்லை.

கிரில்லையும் அவர்தான் நகர்த்தச் சொன்னார். நான் வெயிலுக்குப் பயந்து சுவரை ஒட்டி வைத்திருந்தேன். சுவரில் பதித்திருந்தது பிளாஸ்டிக் பலகை. தலைக்கு மேல் மரக்கிளை. மூன்று மீட்டர் தள்ளி, சமதரையில் வைத்தோம். ஆடுகிற காலுக்கு ஒரு தட்டைக்கல்.

கோழி வெளியே கருகி, எலும்போரம் சிவப்பாக இருந்தது. என் மனைவி ஒரு துண்டை வெட்டிக் காட்டி, "என்னங்க, இதையா குழந்தைகளுக்குக் கொடுக்கப் போறீங்க?" என்றாள். பிறகு இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கினோம். கோழி என்றால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நிறத்தை நம்ப முடியாது. பச்சைக் கறி வந்த தட்டிலும் இடுக்கியிலும் வெந்த கறியைத் தொடவே விடமாட்டாள். அதில் அவள் முதலிலிருந்தே கறார்.

மழை வந்தது நாலு மணிக்கு. எல்லோரும் உள்ளே ஓடினோம். கிரில்லில் தீ இல்லை, புகைகூட இல்லை. நனைந்து துருப்பிடிக்குமே என்று கேரேஜுக்குள் இழுத்துவிட்டு, ஷட்டரை முக்கால்வாசி இறக்கினேன். கேரேஜிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு உண்டு. கை கழுவ வந்த பெரியவர் அதன் வழியாக எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஷட்டரைத் தூக்கி, கிரில்லை மழைக்குள் இழுத்துக்கொண்டு போனார். தலையெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்து, எல்லா ஜன்னலையும் திறக்கச் சொன்னார்.

அப்புறம்தான் விளக்கினார். கனிகிற கரி கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்குமாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிப்பும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று போய்ப் படுப்போம். படுத்தவர் எழுந்திருக்காமல் போகலாம். குளிருக்காக இடுக்கு விடாமல் கட்டிய வீடு வேறு. கதவைத் திறந்து வைத்தாலும் போதாது, கூடாரத்துக்குள்ளும் அதே ஆபத்து என்றார். எரியும்போது அத்தனை கவனமாகக் குழந்தைகளைத் தள்ளி நிற்கவைத்தவன், தீ அணைந்தபிறகு அதை அவர்கள் இருக்கிற வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்த வாரமே வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினேன்.

மறுநாள் காலை, அலுவலகம் போகிற அவசரத்தில் சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டப் போனேன். ஏதோ தோன்றி மேலே கையை நீட்டினேன். மழை நனைத்த மேல்சாம்பல் சேறாகக் கிடந்தது. அடியிலிருந்து வெதுவெதுப்பு எழுந்தது. குச்சியால் கிளறினால் நெல்லிக்காய் அளவில் ஒரு கங்கு, சிவப்பாக. பெரியவரிடம் சொன்னேன். மூடி போட்ட இரும்பு வாளி ஒன்றைக் கொடுத்து, இதில் கொட்டி, வீட்டைவிட்டுத் தள்ளி இரண்டு நாள் வைத்துவிட்டுப் பிறகு எறி என்றார்.

நண்பர் ஒருவர் கேஸ் கிரில் வாங்கிவிட்டு, இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்கிறார். அதற்கு வேறு தொல்லை. குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே தேங்கிய கேஸ் முகத்தில் வெடிக்கும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கைக்கு எட்டினால் கேஸை அணைத்து, மூடியைப் போட வேண்டும். இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

வாளி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.