பள்ளி வளாகத்தில் காற்றையும் வெப்பத்தையும் அளந்த கதை

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் காற்று ஓயாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, வழியிலுள்ள காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு எங்கள் பள்ளிக்கும் வந்து சேரும். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தலைப்பு தேடியபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டது இதைத்தான்: "காற்று வேகமா அடிச்சா வெப்பநிலை எவ்வளவு குறையும் சார்?" குறையும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கையில் பிடித்துக் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் ஒன்று வாங்கினோம். அதற்கு வசதி இல்லாத பள்ளிகள், சுற்றிலும் என்ன அசைகிறது என்று பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கும் பியூஃபோர்ட் அளவுகோலை வைத்தே வேலையைத் தொடங்கலாம். முகத்தில் காற்றுப் பட்டு இலைகள் சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. தூசியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28. வெப்பமானிகள் ஆய்வகத்திலேயே இருந்தன. எல்லாவற்றையும் முதலில் ஒரே வாளித் தண்ணீரில் நிறுத்திப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவற்றின் வித்தியாசத்தை எழுதி அவற்றின் மேலேயே ஒட்டிவிட்டோம். இந்தப் படியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

ஒரே இடத்தில் காலை முதல் மாலை வரை அளந்து வரைபடம் போட்டதும் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். காற்று கூடக்கூட வெப்பமும் கூடியிருந்தது! காரணம் நேரம். வெயில் ஏறும்போது தரை சூடாகிறது. சூடான காற்று மேலே எழும்ப, உயரத்தில் வேகமாக ஓடும் காற்று கீழே வந்து கலக்கிறது. அதனால் பகலில் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று அந்த வரைபடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அப்புறம் முறையை மாற்றினோம். ஒரே மணி அடிக்கும்போது நான்கு இடங்களில் நான்கு குழுக்கள் அளக்க வேண்டும்: சிமென்ட் போட்ட பிரேயர் கிரவுண்ட், வேப்பமரத்தடி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்து, மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த பின்புற முற்றம்.

வெப்பமானியை எங்கே வைப்பது என்பதில்தான் நிறைய வாதம் நடந்தது. வெயிலில் வைத்த வெப்பமானி, காற்று வீசும்போதெல்லாம் சட்டென்று இறங்கியது. நிழலில் இருந்தது அசையவே இல்லை. பிள்ளைகளுக்கு வெயிலில் வைத்ததுதான் பிடித்தது, எதிர்பார்த்த பதிலை அது தந்ததால். ஆனால் வெயிலில் இருக்கும் வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டுவதில்லை. வெயில் குடித்துத் தானே சூடேறி, அந்தச் சூட்டைத்தான் காட்டுகிறது. காற்று வந்து அந்தக் கூடுதல் சூட்டைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, பக்கங்களில் சாய்வுச் சட்டங்கள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பது இதற்காகவே. நாங்களும் பழைய மரப்பெட்டிகளின் பக்கங்களைத் திறந்துவிட்டு, வெள்ளையடித்து, தரையிலிருந்து ஏறக்குறைய 1.25 மீட்டர் உயரத்தில் நிறுத்தினோம்.

இப்போது வந்த அளவீடுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. காற்று நுழையாத பின்புற முற்றம் மதியத்தில் மற்ற இடங்களைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாக இருந்தது. சந்தில் காற்றின் வேகம் எல்லாவற்றையும்விட அதிகம். ஆனாலும் அது வேப்பமரத்தடியைவிடக் குளிர்ந்துவிடவில்லை. சுவரும் சிமென்ட்டும் சூடாக்கிய காற்றை அங்கேயே தேங்கவிடாமல் கொண்டுபோவதுதான் காற்றின் வேலை. தேங்கிய சூடு போய்விட்டால், அதற்கு மேல் வேகம் கூடினாலும் வெப்பநிலை பெரிதாக இறங்குவதில்லை.

"அப்போ ஃபேன் போட்டா ஏன் சார் ஜில்லுன்னு இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஆய்வின் சிறந்த கேள்வி அது. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, சுற்றாத ஒன்றுடன் சந்தில் தொங்கவிட்டோம். ஈரத்துணி சுற்றியது கடகடவென்று இறங்கியது, மற்றது அப்படியே நின்றது. தோலில் வியர்வை இருக்கிறது. காற்று அதை ஆவியாக்கி உடம்பின் சூட்டை எடுத்துப்போகிறது. குளிர்வது நாம்தான், அறையின் காற்று அல்ல.

அறிக்கையில் "காற்று வெப்பநிலையைக் குறைக்கிறது" என்று ஒற்றை வரியில் முடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். மூன்று தலைப்புகளில் எழுதினார்கள்: தேங்கிய காற்று, வெயில் பட்ட பொருள், ஈரமான தோல். பின்புற முற்றத்தின் மேற்குச் சுவரில் ஜன்னல் போன்ற திறப்பு வைக்கலாம் என்ற பரிந்துரையை வரைபடத்துடன் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறோம். வேறு பள்ளிகள் செய்வதானால் அட்டவணையில் மேகம், காற்றின் திசை இரண்டுக்கும் தனிக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேகம் சூரியனை மறைத்தாலே அந்த நேரத்து அளவீடு முழுக்க மாறிவிடும்.