இட்லிக்கார அக்காவின் மகள் அலையவில்லை

தாராவியில் எங்கள் சந்தில் விடியற்காலை மூன்றரை மணிக்கே இட்லிக் கொப்பரை கொதிக்கத் தொடங்கிவிடும். மூடியைத் திறக்கும்போது கிளம்பும் ஆவி, எதிர்வீட்டு மாடிப்படி வரை போய்க் கலையும். அந்தக் கொப்பரைக்குச் சொந்தக்காரரை எல்லோரும் இட்லிக்கார அக்கா என்றுதான் அழைப்போம். தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய ஒரே மகள் மூன்று ஆண்டுகளுக்கு முன் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயிலில் அடிபட்டு இறந்துபோனாள்.

சென்ற ஆண்டு, எதிர்வீட்டுக்கு மருமகளாக வந்த பெண் தூக்கமின்றித் தவிக்கவும் அடிக்கடி மயங்கி விழவும் தொடங்கினாள். வெளியிலிருந்து ஒரு ஜெபக்குழுவை வரவழைத்தார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன். அண்டை வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் அங்கே முழங்காலில் இருந்தேன். குழுவின் தலைவர் அந்தப் பெண்ணின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீ யார்? உன் பேரைச் சொல்!" என்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதட்டினார். குரல் வற்றிப்போன அவள் கடைசியில் சொன்னது, இட்லிக்கார அக்காவின் மகள் பெயரை. அதன்பின் அந்தப் பெயரைச் சொல்லி, "வெளியே போ, நரகத்துக்குப் போ" என்று பத்துப் பேர் கத்தினார்கள். இரண்டு வீடுகளுக்கும் இடையில் இருந்தது நான்கடிச் சந்து. அக்கா உள்ளேதான் இருந்தார்.

மறுநாள் பாத்திரத்தோடு இட்லி வாங்கப் போனபோது அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ வேதம் படிக்கிறவன். எம் பிள்ளை இன்னும் அலையுதாய்யா?"

பிசாசு என்று ஒன்றும் இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் விசுவாசிக்கிறவன். சுவிசேஷங்கள் அசுத்த ஆவிகளைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. இயேசு அவற்றைத் துரத்தினார். ஆனால் அந்த ஆவிகள் இறந்துபோன மனிதர்கள் என்று புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் கல்லறைகளுக்குள் குடியிருந்த மனிதனை அடிக்கடி சான்றாகக் காட்டுவார்கள். அங்கே இயேசு அந்த ஆவியிடம் பெயர் கேட்டபோது வந்த பதில் "லேகியோன்" என்பது. அது ரோமச் சேனையின் ஒரு பெரும் படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லே தவிர, அந்த ஊரில் செத்துப்போன எவருடைய பெயரும் அல்ல. எபிரெயர் நிருபம் மனிதர் ஒரேதரம் மரிப்பதையும் அதன்பின் நியாயத்தீர்ப்பையும் சொல்கிறது. இடையில் சந்து சந்தாக அலைவதற்கு ஒரு காலத்தை ஒதுக்கவில்லை. லூக்கா 16-இல் செத்துப் பாதாளத்தில் வேதனைப்படும் ஐசுவரியவான், உயிரோடிருக்கும் தன் சகோதரர்களை எச்சரிக்க, தன்னைப்போலவே செத்துப்போன ஏழை லாசருவையாவது அனுப்பும்படி கெஞ்சுகிறான், அதுவும் மறுக்கப்படுகிறது.

இறந்துபோன தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பித் தரும்படி, எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்க்கிற பெண்ணிடம் சவுல் ராஜா போன பழைய ஏற்பாட்டுக் கதையைக் கேட்பவர்கள் உண்டு; நியாயமான கேள்விதான். அங்கே வந்தது சாமுவேலேதான் என்று ஆதித் திருச்சபையின் அறிஞர் ஓரிகன் கருதினார். அது பிசாசின் வஞ்சகம் என்று இன்னொரு அறிஞரான தெர்த்துல்லியன் கருதினார். திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே தீராத வழக்கு அது. ஆனாலும் அந்த அதிகாரத்தை மெதுவாக வாசித்தால் ஒன்று விளங்கும்: தன் அமைதியை ஏன் குலைத்தாய் என்பதே சாமுவேலின் முதற்கேள்வி. அதாவது, அவர் அலைந்துகொண்டிருக்கவில்லை. செத்தவர்களிடத்தில் குறி கேட்பதை உபாகமம் 18 ஏற்கெனவே விலக்கிவைத்திருக்கிறது. ஒரு பெண்ணின் தலையைப் பிடித்துக்கொண்டு இறந்தவளின் பெயரை வரவழைப்பது அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்தக் குழுவினர் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து நம்மோடு ரயிலேறி வந்தது. துர்மரணம் அடைந்தவர் பேயாகத் திரிவார் என்பது திருநெல்வேலிச் சீமையின் பழைய அச்சம். 1841 முதல் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் அதைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். மொழியும் இதற்குத் துணைபோகிறது. தமிழில் கொப்பரையிலிருந்து எழுவதும் ஆவி, உயிரும் ஆவி, செத்தவரின் உருவமும் ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி. எபிரெயத்தின் 'ரூவாக்', கிரேக்கத்தின் 'நியூமா' ஆகிய சொற்களுக்கும் காற்று, மூச்சு, ஆவி என்ற பொருள்கள் உண்டு. அந்த வகையில் நம் சொல் மிக அழகான மொழிபெயர்ப்பு. ஆனால் கடலின்மேல் நடந்துவந்த இயேசுவைக் கண்டு சீஷர்கள் பேயென்று பயந்த இடத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'ஆவேசம்' என்ற தனிச்சொல்லைப் போட்டிருக்கிறது. அந்த நுட்பத்தை நம் மேடைப் பிரசங்கங்கள் தவறவிட்டுவிட்டன.

கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டும் சடங்குக்கு 1614-இல் வகுத்த முறை 1999-இல் திருத்தி வெளியிடப்பட்டது. ஆயரின் அனுமதி பெற்ற குருவே அதைச் செய்யலாம். நோயா என்பதை முதலில் ஆராய வேண்டும். மத்தேயு 4-ஆம் அதிகாரமும் பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோயாளிகள்) திமிர்வாதக்காரரையும் (முடங்கிப்போனவர்கள்) தனித்தனியாகத்தான் சொல்கிறது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் கொல்லப்பட்ட 2013-ஆம் ஆண்டிலேயே, பேயோட்டுவதாகச் சொல்லிக் கட்டிவைப்பதையும் அடிப்பதையும் குற்றமாக்கும் சட்டம் வந்தது. எங்கள் சந்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அந்த மருமகளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன் கரு கலைந்திருந்ததையும், அதைப் பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்ததையும், பின்னர் மருத்துவரிடம் அழைத்துப் போனபோதுதான் நாங்கள் அறிந்தோம். இப்போது தூங்குகிறாள்.

அக்காவின் கேள்விக்கு அன்று நான் நின்றபடியே பதில் சொல்லவில்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய வேதாகமத்தையே கேட்டு வாங்கினேன். எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கருடையதில் 73. எங்களிடம் இல்லாத சாலமோனின் ஞானம் என்ற நூலின் மூன்றாம் அதிகாரத்தில், நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருப்பதாகவும் எந்தத் தொல்லையும் அவர்களைத் தீண்டாது என்றும் எழுதியிருக்கிறது. அதை வாசித்தேன். அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் படி" என்றார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று அவரோடு சிவ்ரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இறந்தவர்களுக்காக மன்றாடுவது எங்கள் சபையின் வழக்கம் அல்ல. அவர் மன்றாடி முடிக்கும்வரை நான் பேசாமல் பக்கத்தில் நின்றேன். காற்றில் மெழுகுவர்த்தி இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை இருவரும் கைகளைக் குவித்துப் பிடித்துக்கொண்டோம்.