பின் ஒழுங்கையில் கேட்ட சம்மட்டிச் சத்தம்

எங்கள் கல்லூரியின் பின் ஒழுங்கையில் ஒரு கொட்டில் இருந்தது. ஒரு பக்கம் கொல்லர் உலை. மறுபக்கம் வண்டிச் சில்லு செய்யும் தச்சர். ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடம் எப்போதும் அந்தச் சம்மட்டிச் சத்தத்தோடுதான் நடக்கும்.

ஒரு நாள் பாடத்தில், இரும்புக் கொல்லரைக் குறிக்கும் 'பிளாக்ஸ்மித்' என்ற சொல் வந்தது. "பிளாக் விளங்குது, ஸ்மித் எண்டால் என்ன?" என்று சேர் கேட்டார். நான் எழும்பி, "தட்டுறவர் தட்டார் எண்ட மாதிரி, 'ஸ்மைட்' பண்ணுறவர் ஸ்மித், சேர்" என்றேன். பைபிளில் 'ஸ்மைட்' என்றால் அடிப்பது என்று படித்திருந்தேன். சேர் சிரித்தார். "நல்லா இருக்கு. பெரிய அகராதி ஒண்டு கிடைக்கிற நாளில பார்த்துச் சொல்லு."

அந்த நாள் வருவதற்குள் நான் லண்டன் வந்து இருபது வருடம் கழிந்துவிட்டது. மருத்துவரின் வரவேற்பறையில் 'மிஸ்டர் ஸ்மித்' என்று கூப்பிட்டபோது இரண்டு பேர் எழுந்தார்கள். இங்கிலாந்தில் மிக அதிகமான குடும்பப் பெயர் அதுதான். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன்.

என் விடை பிழை. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மைட்' என்பதன் மூலச்சொல்லுக்குப் பூசுவது, அழுக்காக்குவது என்றுதான் பொருள். அடிப்பது என்ற பொருள் பிறகு வந்தது. 'ஸ்மித்' அதற்கு முன்பே இருந்த சொல். அதன் வேர் வெட்டுவது, செதுக்குவது பற்றியது என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். ஜெர்மன்காரரின் 'ஷ்மிட்' அதற்கு உடன்பிறப்பு. 'பிளாக்' என்றது இரும்பை: உலையில் காய்ந்த இரும்பின் மேல் கருமை படியும். வெள்ளீய வேலை செய்பவருக்கு 'வைட்ஸ்மித்' என்றே ஒரு பெயர் இருந்திருக்கிறது.

என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. ஆதியில் 'ஸ்மித்' உலோக வேலை செய்பவரை மட்டும் குறிக்கவில்லை. கையால் எதையும் ஆக்கித் தருகிறவர் எல்லாரும் ஸ்மித். ஐஸ்லாந்து மொழியில் இன்றைக்கும் தச்சருக்கு 'மர ஸ்மித்' என்று பொருள்படும் சொல்லே வழங்குகிறது.

அதை வாசித்த கணம் சேரைத் தேடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருந்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை. அதனால் இந்தக் கல்லூரி மலரில் எழுதுகிறேன், சேர்: எங்கள் பின் ஒழுங்கைக் கொட்டிலில் இருந்த இரண்டு பேருமே ஸ்மித்தான்.