புது சிஸ்டம் வாங்கப் போகிறீர்களா? முதலில் டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள்

"எல்லாம் சப்போர்ட் ஆகும்க்கா" என்று கடையில் சொன்னால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்திருந்தால் இந்த ஐப்பசி முகூர்த்தத்துக்கு என் சென்டரிலிருந்து ஒரு பத்திரிகைகூட வெளியே போயிருக்காது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கும்பகோணத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், இதுதான் பிழைப்பு. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட் பேக்கேஜ், அது திறக்க யுஎஸ்பியில் செருகும் லாக், ஒரு லேசர் பிரின்டர், ஒரு ஸ்கேனர். எல்லாமே ஏழாம் தலைமுறை ஐ3-யில், 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடிக்கொண்டிருந்தன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நிற்கிறது என்று தெரிந்ததும், ஆவணி ஆர்டர்களை முடித்துவிட்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

போவதற்கு முன் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் போட்டுப் பார்த்தேன். பழைய பெட்டி விண்டோஸ் 11-க்குத் தேறாது என்று அது சொன்னது. அவ்வளவுதான் அது சொல்லும். உங்கள் பிரின்டர், லாக், ஸ்கேனர் புதுப் பெட்டியில் வேலை செய்யுமா என்பது அதன் வேலையே இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அடி விழுவது அங்கேதான். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். 32 பிட் மென்பொருள் 64 பிட்டில் ஓடிவிடும்; 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-கூட ஓடுகிறது. ஆனால் டிரைவர், அதாவது பிரின்டர், லாக் போன்ற கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள், 32 பிட்டாக இருந்தால் ஓடவே ஓடாது. அதனால் கடையில் கேட்க வேண்டியது "பேஜ்மேக்கர் வேலை செய்யுமா" என்பதல்ல, "இந்த லாக்குக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா" என்பது.

முதல் கடையில் ஒரு மெல்லிய லேப்டாப்பைக் காட்டினார்கள். பேட்டரி நாள் முழுக்க நிற்குமாம், விலையும் கட்டுப்படியானது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று திறந்து பார்த்தேன். சிஸ்டம் டைப் என்ற வரியில் "ஏஆர்எம்-பேஸ்டு பிராசசர்" என்று இருந்தது. வழக்கமான இன்டெல் பிராசசரிலிருந்து வேறான வகை இது. இதில் சாதாரண விண்டோஸ் மென்பொருள்கள் பெரும்பாலும் எமுலேஷனில், அதாவது இன்டெல் போலப் பாவனை செய்து, ஓடும். டிரைவர் மட்டும் ஏஆர்எம்-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். என் லாக்குக்கு அப்படி ஒன்று இல்லை. அதைச் சொன்னேன். "அதெல்லாம் இன்டர்நெட்ல டவுன்லோட் பண்ணிக்கலாம்க்கா" என்றார் கவுன்டரில் இருந்தவர். எங்கிருந்து என்று கேட்டதற்கு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார்.

அதே கடை டெஸ்க்டாப்புக்குக் கொடுத்த கொட்டேஷன் இன்னும் மோசம். பிராசசர் ஐ5-12400எஃப். கடைசியில் உள்ள அந்த எஃப் எழுத்தை விட்டுவிடாதீர்கள். அந்த வகையில் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் மானிட்டரில் ஒன்றும் வராது. கொட்டேஷனில் கார்டு இல்லை. என்னிடம் இருக்கும் டிடிஆர்4 ரேமை அதிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். எழுதியிருந்தது டிடிஆர்5 ரேமுக்கான மதர்போர்டு. இரண்டு வகை ரேமிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஸ்லாட்டிலேயே உட்காராது. கொட்டேஷனில் இருந்த எச்610 சிப்செட் போர்டு இரண்டு வகையிலும் வருகிறது. அதனால் "எச்610" என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது, முழு மாடல் பெயரைக் கேட்டு வாங்கி, போர்டு கம்பெனியின் தளத்தில் பாருங்கள். அன்று வெறுங்கையோடு ராத்திரி பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்ததும் லாக்கை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தவர் புது வெர்ஷன் வாங்கச் சொன்னாரே தவிர, டிரைவர் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகுதான் ஒரு வழி கிடைத்தது. டிவைஸ் மேனேஜரில் லாக்கின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் விஐடி என்று ஒரு எண் இருக்கும். என்னுடையதில் 0529. அது அலாடின் நிறுவனத்தின் ஹாஸ்ப் வகை லாக். இப்போது அது தேல்ஸ் என்ற நிறுவனத்தின் கையில், சென்டினல் என்ற பெயரில் இருக்கிறது. 64 பிட் விண்டோஸுக்கான ரன்டைம், அதாவது லாக்கின் டிரைவரும் அடங்கிய மென்பொருள், அவர்கள் தளத்திலேயே கிடைத்தது. ஃபான்ட் கம்பெனி சொல்லாததை அந்த நாலு இலக்கம் சொல்லிவிட்டது. உங்கள் லாக்கின் எண்ணை இன்றைக்கே குறித்து வையுங்கள்; பழைய பெட்டி படுத்துவிட்டால் தேடுவது சிரமம்.

அடுத்த முறை லாக், பிரின்டர், பேஜ்மேக்கர் ஃபைல் இருக்கும் பென்டிரைவ் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டே போனேன். வேறு கடை. டெமோ பெட்டியில் செருகிப் பார்க்கலாமா என்றதும் அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் இடம் ஒதுக்கித் தந்தார். லாக்கோடு வந்த பழைய சிடியின் டிரைவரைப் போட்டால் ஏறவில்லை. விண்டோஸின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பை ஆஃப் செய்து பார்க்கலாமா என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கூட வந்துபோகும் சிஸ்டம், அதன் பாதுகாப்பை ஒரு பழைய டிரைவருக்காகத் தளர்த்தக் கூடாது. சென்டினல் ரன்டைமைப் போட்டதும் லாக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தோம். எழுத்துரு இல்லாவிட்டால் பேனோஸ் ஃபான்ட் மேட்சிங் என்று ஒரு பெட்டி வந்து, நம் தமிழை எதையோ போட்டு மாற்றிவிடுமே, அது வரவில்லை. "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் வரி ஒரு கொம்புகூடப் பிசகாமல் வந்து நின்றது. பிரின்ட்டும் எடுத்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன்.

எஃப் இல்லாத 12400, டிடிஆர்4 போர்டு. மற்றதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பில்லில் போர்டின் மாடல், ரேம் வகை, பாகங்களின் சீரியல் எண் எல்லாம் எழுதித் தரச் சொன்னேன், தந்தார்கள்.

ஸ்கேனர் மட்டும் இன்னும் பாக்கி. அதைச் செய்த கம்பெனி 64 பிட் டிரைவர் வெளியிடவே இல்லை. வியூஸ்கேன் என்ற மென்பொருளை டிரையலில் போட்டதும் ஸ்கேன் ஆகிறது, படத்தின் மேல் வாட்டர்மார்க்கோடு. காசு கட்டினால் அது போய்விடும். கார்த்திகை ஆர்டர் பணம் கைக்கு வந்ததும் வாங்குகிறேன். அதுவரை பழைய பெட்டியில் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்கேனுக்கு மட்டும் ஓட்டுகிறேன்.