எந்தப் பெயரைப் போடுவது?

எடிட்டிங் உதவியாளனாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இயக்குநர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, டைட்டில்ல உன் பேரை என்னன்னு போடணும்?" என்பதுதான். நான் என் பெயரைச் சொன்னேன். "அது வீட்டுப் பேருப்பா. படத்துக்கு ஒண்ணு யோசிச்சு வை" என்றார். அவருக்கே இரண்டு பெயர். ஒன்று போஸ்டரில் இருக்கும். இன்னொன்று மகளின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் இருக்கும். முதல் பெயர் தெரிந்தவர்களை அவர் வீட்டுக்கு அழைத்ததில்லை.

வயது வந்தவர்களுக்கு மட்டுமான காமப் படங்கள் எடுத்தவர் அவர். அவரிடம் நாலரை வருடம் இருந்தேன். வீட்டில் விளம்பரப் படக் கம்பெனி என்று சொல்லியிருந்தேன்.

இந்த மாதிரிப் படப்பிடிப்பு என்றால் ஆளாளுக்கு ஒரு கற்பனை இருக்கும், எனக்கும் இருந்தது. முதன்முதலாக ஒரு படுக்கையறைக் காட்சி எடுத்த நாளில் காலையிலிருந்து அந்தத் தளத்தில் ஓடிய பேச்சு எல்லாம் எலாஸ்டிக் பற்றித்தான். இறுக்கமான உள்ளாடையோ சாக்ஸோ போட்டால் தோலில் சிவப்பாக ஒரு தடம் விழும். அது மறைய நேரமாகும், கேமராவில் பளிச்சென்று தெரியும். அதனால் அன்று நடிக்கிற இருவரும் விடிந்ததிலிருந்தே தொளதொளவென்று ஓர் அங்கியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நடிகர் மறந்துபோய் சாக்ஸ் போட்டு வந்துவிட்டார். கணுக்காலில் வளையம் வளையமாகத் தடம். இயக்குநர் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். முக்கால் மணி நேரம் எல்லோரும் ஒரு கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் காட்சி. கேமராமேன், ஃபோகஸ் இழுப்பவர், சவுண்ட்காரர், இரண்டு பெண் உதவியாளர்கள் தவிர மற்ற எல்லோரும் வெளியே. அன்றைக்கு ஷாட் குறிப்பு எழுத வேறு ஆள் இல்லாததால் எனக்கு மட்டும் ஒரு மூலை கிடைத்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு போர்வையை விரித்தபடியே நிற்பார்கள். "கட்" என்ற சொல் முடிவதற்குள் போர்வை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஒருமுறை இரண்டு விநாடி தாமதமானது. அன்று முழுக்க அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

காட்சியைச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் வாயில் கொச்சையான சொல் ஒன்றுகூட வராது. "இடது தோளை ரெண்டு இஞ்ச் இறக்குங்க. மூணு எண்ணிட்டுக் கழுத்து. அஞ்சுல முகத்தைத் திருப்புங்க." நடன மாஸ்டர் போல எண்ணிக்கையிலேயே எல்லாம் முடிந்துவிடும். வியர்வைக்குக் கிளிசரினில் தண்ணீர் கலந்து தெளிப்போம். விளக்குச் சூட்டில் நிஜ வியர்வையும் வரும், ஆனால் அது அழகாக நிற்காது, வழிந்துவிடும். முத்தச் சத்தம் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்த்தது. சவுண்ட் எஃபெக்ட்ஸ் செய்கிற, பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவர் மைக் முன்னால் தன் புறங்கைக்கே முத்தம் கொடுப்பார். அந்தப் படங்களில் கேட்கிற அத்தனை முத்தமும் அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டதுதான்.

முன்கூட்டியே எண்ணிச் சொல்லிவிடுவதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம் ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "கேமரா ஓடும்போது அந்தப் பொண்ணுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. இருந்தா அது நடிப்பு இல்ல" என்றார். இத்தாலிய இயக்குநர் பெர்தொலுச்சியின் 'லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்' 1972-இல் வந்தது. அதில் ஒரு காட்சியில் வெண்ணெய் பயன்படுத்தப்போவதைக் கதாநாயகி மரியா ஷ்னைடரிடம் முன்னதாகச் சொல்லாமல் எடுத்தார்கள். அப்போது அவருக்கு 19 வயது. தான் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததை 2007-இல் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் அந்தப் படத்தைக் கலை என்றது. எங்கள் படத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை, ஆனால் எங்கள் தளத்தில் வெண்ணெய் இருந்திருந்தால் அதற்கும் ஓர் எண் சொல்லப்பட்டிருக்கும். இன்றைக்கு இந்த வேலைக்கே தனி ஆள் உண்டு. 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. தன் தொடர்களில் நெருக்கக் காட்சிகளுக்கு ஒருங்கிணைப்பாளர் வைக்க முடிவெடுத்தபின் அது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. எங்கள் இயக்குநருக்கு அது பிடித்திருக்கும். சம்பளம் யார் கொடுப்பது என்றும் கேட்டிருப்பார்.

தயாரிப்பாளரின் நிபந்தனை சுருக்கமானது. பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சி இருக்க வேண்டும், மிச்சத்தில் நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். ஜப்பானில் நிக்கட்சு என்ற பழைய ஸ்டுடியோ, தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்து நொடித்துப்போக இருந்தபோது, 1971-லிருந்து 1988 வரை 'ரோமன் போர்னோ' என்று ஒரு வரிசையை ஏறக்குறைய இதே கணக்கில்தான் எடுத்துத் தள்ளியது. எழுபது நிமிடம் போல ஓடும் படம், குறைந்த செலவு, சீரான இடைவெளியில் படுக்கைக் காட்சி. அதைக் கொடுத்துவிட்டால் மற்றதில் இயக்குநருக்கு முழுச் சுதந்திரம். எத்தனையோ பேர் அங்கே தொழில் கற்றுக்கொண்டார்கள். எங்கள் ஆள் அந்தச் சுதந்திரத்தில் என்ன செய்தார் என்றால், சமையலறைக் காட்சிகளை எடுத்தார். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் சாப்பிடுவதை நாலு நிமிடம் ஒரே ஷாட்டில் எடுத்து வைப்பார். தியேட்டரில் விசில் அடித்துக் கத்துவார்கள். அந்த ஷாட்டை வெட்டட்டுமா என்று ஒவ்வொரு படத்திலும் கேட்டேன், ஒவ்வொரு படத்திலும் மறுத்தார். பாதி சமயம் நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

இந்தத் தொழிலிலிருந்து வெளியே போக வழி இல்லாமல் இல்லை. யோஜிரோ தகிதா ஜப்பானில் பிங்க் படங்கள் என்று சொல்கிற காமப் படங்களில்தான் தொடங்கினார். 2009-இல் அவருடைய படம் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆனால் பிரான்ஸின் ஜுஸ்த் ஜாக்கான் கதை வேறு. 1974-இல் அவர் எடுத்த 'எம்மானுவேல்' பாரிஸில் பத்தாண்டுக்கும் மேல் ஓடியது. 2022-இல் அவர் இறந்தபோதும் அந்த ஒரு படத்தின் பெயரைச் சொல்லித்தான் செய்தி போட்டார்கள். ஜெயித்தாலும் மாட்டிக்கொள்ளலாம். அதனால்தான் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். டிரெய்லர் வெட்டிக்கொண்டிருந்து இயக்குநரான அமெரிக்கர் ராட்லி மெட்ஸ்கர், பட்டும் படாமலும் எடுத்த படங்களுக்குச் சொந்தப் பெயரைப் போட்டார். 1970-களில் அப்பட்டமாக எடுத்தவற்றுக்கு ஹென்றி பாரிஸ் என்று போட்டுக்கொண்டார். இத்தாலியில் அரிஸ்டிடே மசாச்செசி என்ற ஒளிப்பதிவாளரை உலகத்துக்கு ஜோ டி'அமாத்தோவாகத்தான் தெரியும். அவருக்கு இன்னும் எத்தனையோ பெயர் உண்டு. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் ஒரு பெயரை யோசித்து வைத்தவன்தான்.

அந்தப் பெயர் எதற்கெல்லாம் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஐந்தாவது படம். தணிக்கை முடிந்து பிரதி போடுவதற்குத் தயாராக இருந்தது. இயக்குநர் வெளியூரில் லொகேஷன் பார்க்கப் போயிருந்தார். இரவு பத்து மணிக்குத் தயாரிப்பாளரின் ஆள் ஒரு சின்ன டப்பாவோடு எடிட்டிங் அறைக்கு வந்தார். உள்ளே 60 அடி ஃபிலிம். 35 எம்.எம்.மில் அடிக்கு 16 ஃபிரேம், விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது நாற்பது விநாடி. வேறு எங்கேயோ, வேறு யாரையோ வைத்து, முகம் தெரியாமல் எடுத்தது. எங்கள் கதாநாயகியின் படுக்கைக் காட்சிக்கு நடுவே சேர்க்க வேண்டுமாம். எனக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதை அவர் உறையில் போட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஒட்டினேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கதாநாயகி கண்ணை மூடுகிற ஃபிரேமில் வெட்டி அங்கே சொருகினேன். வெளிச்சம்கூடக் கிட்டத்தட்டப் பொருந்தியது. நன்றாகப் பொருந்துகிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் இன்றுவரை உறுத்துகிறது.

படம் வந்த பத்தாம் நாள் அந்தப் பெண் எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. அங்கே இருந்த இயக்குநரைப் பார்த்துக் கேட்டார்.

"சார், அது நீங்க எடுத்ததா?"

"இல்லம்மா."

"படத்துல உங்க பேருதானே இருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. தளத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் எண் சொன்ன மனிதர், மேசைமேல் கிடந்த ஒரு துண்டு ஃபிலிமைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். அந்தப் பெண் போன பிறகும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்டியிருந்த அறையில் யார் ஒட்டியிருக்க முடியும் என்று அவருக்குத் தெரியாதா? அந்தப் பெண் அதற்கப்புறம் அவர் படத்தில் நடிக்கவில்லை. இயக்குநரும் அதன் பிறகு இன்னும் இரண்டே படத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்குச் சம்பளம் தாமதமாவது மட்டும் நின்றுபோனது. அவரே வந்து முதல் தேதி கொடுத்துவிடுவார்.

அவர் இறந்து பல வருடம் கழித்து, பழைய நெகட்டிவ்களைச் சீரமைத்து வெளியிடுகிறவர்கள் என்னைத் தேடிப் பிடித்தார்கள். அந்த ஐந்தாவது படம்தான். சாப்பாட்டு ஷாட்டைப் பற்றி யாரோ எழுதி, அதற்கு இப்போது மதிப்பு வந்திருக்கிறதாம். இயக்குநரின் நிஜப் பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள். மகளுக்கு போன் செய்தேன். "அப்பா அந்தப் பேரை ஒருநாளும் வீட்டுக்குள்ள கொண்டுவரல சார். வீட்டுப் பேரை நான் ஏன் அங்க கொண்டுபோய்க் கொடுக்கணும்? இருந்ததே இருக்கட்டும்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

வேறொரு கடிதத்தை நானே எழுதினேன். படத்தில் ஓரிடத்தில் 960 ஃபிரேம் இயக்குநர் எடுத்தது அல்ல, அந்த நடிகையும் அல்ல, அதை எடுத்துவிடுங்கள் என்று எந்த ரீலில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் குறித்து அனுப்பினேன். ஒட்டியது யார் என்றும் எழுதினேன். பதிலில் நன்றி சொல்லிவிட்டு, படத்தொகுப்பு உதவி என்ற இடத்தில் என்ன பெயர் போடுவது என்று கேட்டிருந்தார்கள். வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.