விம்கோ நகர் வரைக்கும் ஒரு மெட்ரோ டிக்கெட்

பயணக் கட்டுரைன்னா ஊட்டி, மூணாறுன்னு எழுதணும்னு யாரும் சட்டம் போடல, அதனால நான் திருவொற்றியூர் போயிட்டு வந்த கதையை எழுதுறேன். 2025 பொருளாதார நோபல் மோகிர், அகியோன், ஹோவிட்னு மூணு பேருக்குக் குடுத்தாங்கல்ல, புதுக் கண்டுபிடிப்பால வளர்ச்சி எப்படி நிக்காம ஓடுதுன்னு விளக்குனதுக்கு. அதுல கடைசி ரெண்டு பேரும் சொல்றது என்னன்னா, புதுசா வர்றவன் பழைய ஆளோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டுத்தான் வருவான், அப்படி நடந்துக்கிட்டே இருந்தாதான் வளர்ச்சின்னு. அதைப் படிச்சப்ப ஓஎம்ஆர் ஐடி கம்பெனி கண்ணாடி பில்டிங் எதுவும் எனக்கு ஞாபகம் வரல, டோல்கேட்டைத் தாண்டிப் போற திருவொற்றியூர் ஹைரோடுதான் வந்துச்சு. மச்சானையும் இழுத்துக்கிட்டு ஹைகோர்ட் ஸ்டேஷன்ல ஏறிட்டேன்.

தண்டையார்பேட்டை வரைக்கும் சுரங்கம், ஒண்ணும் தெரியாது. அதுக்கப்புறம் வண்டி மேல ஏறி வெளிய வரும் பாருங்க, வலது பக்கம் கடல், இந்தப் பக்கம் மொட்டை மாடி, தண்ணி டேங்க், காயுற துணி. 2021 பிப்ரவரியில இந்த லைன் திறந்தப்போ ‘அங்க யாரு மெட்ரோல போவாங்க’ன்னு கேட்டவங்க ஒரு காலை நேரத்துல வந்து நிக்க இடம் கிடைக்குதான்னு பாக்கணும்.

காலடிப்பேட்டையில இறங்குனோம். 1717ல மெட்ராஸ் கவர்னரா வந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேணும்னு நெசவாளிங்களைக் குடியேத்துன இடம் இது. அடுத்த நூற்றாண்டுல இங்கிலாந்து மில் துணி வந்து மெட்ராஸ் கைத்தறியை அடிச்சிடுச்சு. சரி அந்த மெஷினே இங்க வரட்டும்னு பெரம்பூர் பக்கம் 1870கள்லயும் 80கள்லயும் பக்கிங்காம் மில்லு, கர்நாடிக் மில்லுன்னு வந்துச்சு, நம்ம ஆளுங்களுக்கு பின்னி மில்லு. 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது அந்தத் தொழிலாளிங்களாலதான், வாடியாவும் திரு.வி.க.வும் கூட நின்னாங்க. பின்னாடி நாடு பூரா பவர்லூம் கிட்ட பெரிய மில்லுங்க தோத்துக்கிட்டே வந்துச்சு, இதுவும் 1996ல மூடியாச்சு, இப்ப அந்த இடத்துல அபார்ட்மெண்ட். தறி போச்சு, தறியை விரட்டுன மில்லும் போச்சு.

ஆனா புது டெக்னாலஜிதான் எப்பவும் ஜெயிக்கும்னு நினைச்சீங்கன்னா விம்கோ நகர் ஸ்டேஷனுக்கு வாங்க. விம்கோங்கறது ஸ்வீடன்காரங்க ஆரம்பிச்ச தீப்பெட்டிக் கம்பெனி, முழுக்க மெஷின். அதைத் திணற வச்சது யாருன்னா சிவகாசியில கையால குச்சி அடுக்குனவங்க! 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க, கைத்தொழிலுக்கு கவர்மெண்ட் எக்ஸைஸ் வரியைக் குறைச்சது, கூலியும் கம்மி, அவ்வளவுதான், ஸ்வீடன் மெஷின் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. இந்த மாதிரி கேஸ் எல்லாம் பிபிடி ஸ்லைடுல வராது.

திரும்பி வர்ற வழியில ஒரு சந்துல லேத் பட்டறை, இரும்பைக் கடைஞ்சு பார்ட்ஸ் செய்யுற இடம், மச்சானுக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தரோடது. உள்ள ஒரு பழைய லேத்து, கைப்பிடியெல்லாம் வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு, பக்கத்துலயே கதவு மூடுன சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல தானா ஓடுற லேத்து, கண்ணாடிக்குள்ள பால் கலர்ல கூலண்ட் பீச்சி அடிக்குது. ஒரு ஜாப் வெளிய வந்ததும் அண்ணன் துணியில தொடச்சு மைக்ரோமீட்டர்ல வச்சுப் பாத்துட்டு தலையாட்டுனாரு. “கையால இதைவிட நல்லா போடுவேன் தம்பி”ன்னாரு, “ஆனா கம்பெனிக்காரன் நல்லதா கேக்குறான்? ஆயிரம் பீஸும் ஒரே மாதிரி கேக்குறான். சாயங்காலம் ஆனா எனக்கு கை அசரும், அதுக்கு இன்னா அசருது?” சிஎன்சி வாங்குன லோன் இன்னும் ஓடுது, முன்னாடி கையால லேத் ஓட்டுன டர்னருங்கள்ல பாதிப் பேரு இல்ல, ப்ரோக்ராம் போட ஒரு பாலிடெக்னிக் பையன் இருக்கான். ஆர்டர் கையை விட்டுப் போகாம இருக்குன்னா அது அந்த மெஷினாலதான்னு அவரே சொல்றாரு.

பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ 1957ல போட்ட கணக்கு ஒண்ணு இருக்கு: அமெரிக்காவுல 1909ல இருந்து 1949க்குள்ள ஒரு மணிநேர உழைப்புக்கு வர்ற உற்பத்தி ரெண்டு மடங்காச்சு, அதுல எட்டுல ஏழு பங்கு டெக்னாலஜி மாற்றத்தால, கூடுதலா போட்ட முதலுக்கு மிச்சம் ஒரு பங்குதான். காசைக் கொட்டி அதே லேத்துல இன்னும் பத்து வாங்குறது வேற, வேலை செய்யுற முறையையே மாத்துறது வேற.

அதே ரோட்டுல என்ஃபீல்டு. 1955ல இங்கிலாந்துல இருந்து பார்ட்ஸ் வரவழைச்சு திருவொற்றியூர்ல கோத்து புல்லட் செஞ்சாங்க, கொஞ்சம் கொஞ்சமா பார்ட்ஸையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க, கத்துக் குடுத்த இங்கிலாந்து கம்பெனி 1970 வாக்குல கடையைச் சாத்திடுச்சு, கத்துக்கிட்ட நம்ம ஆளுங்க ஓட்டிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப வருஷம் அதே வண்டிதான், வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். 2000 வாக்குல கம்பெனி தேறுமாங்கற நிலைமை. அப்புறம் தோற்றத்தை விட்டுட்டு உள்ள இருக்குற இன்ஜினை முழுசா மாத்துனாங்க, 2024-25ல ஒரே வருஷத்துல பத்து லட்சம் வண்டிக்கு மேல வித்திருக்காங்க. பெருசா கண்டுபிடிச்சது ஒண்ணுமில்ல, எதை மாத்தணும் எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சிருந்தது, என்னைப் பொறுத்தவரை அதுதான் கஷ்டமான இன்னொவேஷன்.

அடுத்து ரயில் பெட்டி செய்யுற ஐசிஎஃப் பக்கம் இருக்குற ரயில் மியூசியம். ஐசிஎஃப் 1955 அக்டோபர் 2ல நேரு திறந்து வச்ச ஃபேக்டரி, ஸ்விஸ் டிசைன்ல பெட்டி செய்யுறதுக்கு. அந்த டிசைன் பெட்டி கடைசியா வெளிய போனது 2018ல! அறுபது வருஷத்துக்கு மேல. ரயில்வேக்கு எதிர்ல போட்டிக்கடை கிடையாது, அப்புறம் யாருக்காக அவசரப்படணும்? ஆனா அதே 2018ல அதே ஃபேக்டரிதான் ட்ரெயின் 18ஐயும் வெளிய விட்டுச்சு, தனி இன்ஜின் இல்லாம பெட்டிக்கு அடியிலயே மோட்டார், சோதனையில 180 கிலோமீட்டர் வேகம், ஒண்ணரை வருஷத்துல முடிச்ச வேலை. 2019 பிப்ரவரியில வந்தே பாரத்னு டெல்லி-வாரணாசி ஓடுச்சு. கையும் மூளையும் இங்கயேதான் இருந்திருக்கு, கேட்க ஆளில்லாம இருந்திருக்கு. ஆராய்ச்சிக்கு ஜிடிபியில 0.64 சதவீதம்தான் செலவு பண்ற நாடு நாம, தென் கொரியா 5 சதவீதத்துக்குப் பக்கத்துல நிக்குது.

மியூசியத்துல குழந்தைங்களுக்கு குட்டி ரயில் இருக்கு, கூட்டிட்டுப் போங்க. வெளிய வர்றப்போ மச்சான் ஒண்ணு கேட்டான், “எல்லாம் சரிடா, பின்னி மில்லு மூடுனப்ப வேலை போனவன் வீட்டுல போய் இந்த நோபல் தியரியைச் சொல்லுவியா?” அகியோனே வேலையைக் காப்பாத்தாதீங்க, வேலை செய்யுறவனைக் காப்பாத்துங்கன்னுதான் சொல்றாருன்னு ஆரம்பிச்சேன். “அப்ப அந்த டர்னருங்களை யாரு காப்பாத்துனா?”ன்னான். பெரம்பூர் வர்ற வரைக்கும் ஷேர் ஆட்டோவுல இதே சண்டைதான்.